வாசலில் நின்ற ஜீப்புகள்

அன்புள்ள மாணிக்கம்,

பேத்திக்குக் காய்ச்சல், அப்புறம் வீட்டுக்கு வெள்ளையடிப்பு. அதனால்தான் பதில் இத்தனை நாள் தள்ளிப்போனது. கோபித்துக்கொள்ளாதே.

"வெளிநாட்டான் வந்து விசாரித்தால்தான் பெரிய தலைகள் உருளும்" என்று எழுதியிருந்தாயே, மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலாவில் அதைச் செய்தே பார்த்தார்கள். ஐ.நா.வோடு 2006இல் ஒப்பந்தம் போட்டு, மறு வருடம் பெரிய குற்றங்களை விசாரிக்க ஓர் ஆணையம் வந்தது. பணம் கொடுத்தவர்களில் முதல் ஆள் அமெரிக்கா. 2015இல் சுங்கத்துறைக் கொள்ளை வெளியே வந்தது. இறக்குமதிக்காரர்களிடம் லஞ்சம் வாங்கிக்கொண்டு வரியைக் குறைத்துவிட்டிருந்தார்கள். சனிக்கிழமைதோறும் ஜனங்கள் சதுக்கத்தில் கூடினார்கள். துணை அதிபர் போனார், பிறகு அதிபர் பெரெஸ் மோலினாவே பதவி விலகிச் சிறைக்குப் போனார். இதுவரை நீ சொன்னதுதான் சரி.

அடுத்து வந்த ஜிம்மி மொராலெஸ் டி.வி. காமெடியன். 'ஊழல்வாதியும் இல்லை, திருடனும் இல்லை' என்று ஓட்டுக் கேட்டவர். விசாரணை மகன், சகோதரர், கடைசியில் தன் தேர்தல் நிதி என்று நெருங்கியதும் அவருக்கு இறையாண்மை ஞாபகம் வந்துவிட்டது! ஆணையத் தலைவர் வெலாஸ்கஸ் கொலம்பியாக்காரர். மொராலெஸ் அவரை நாட்டைவிட்டுப் போகச் சொன்னார். நீதிமன்றம் தடுத்தது. ஊழலைப் பற்றிப் பேசிய ஸ்வீடன் தூதரையும் திருப்பி அழைத்துக்கொள்ளச் சொன்னது அவர் அரசு. இத்தனைக்கும் ஆணையம் விசாரித்த வழக்குகளை நீதிமன்றத்தில் நடத்தியவர்கள் உள்ளூர் அரசு வழக்கறிஞர்கள். 'அந்நியத் தலையீடு' என்ற ஒரு சொல்லில் அவர்களும் அந்நியராகிவிட்டார்கள்.

2018 மே மாதம் மொராலெஸ் இஸ்ரேலில் இருந்த தன் நாட்டுத் தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்றினார், அமெரிக்கா மாற்றி இரண்டே நாளில். ஆகஸ்ட் 31ஆம் தேதி ஆணையத்துக்கு நீட்டிப்பு கிடையாது என்று அறிவித்தார். அன்றைக்கு ஆணைய வாசலில் ராணுவ ஜீப்புகள் போய் நின்றன. போதைப்பொருள் தடுப்புக்கென்று அமெரிக்கா கொடுத்த ஜீப்புகள். தூதரக விஷயத்தில் தன் பக்கம் நின்றவர் என்பதாலோ என்னவோ, வாஷிங்டன் அதிகம் வாய் திறக்கவில்லை.

2019 செப்டம்பரில் கடையை மூடினார்கள். வெலாஸ்கஸ் பிற்பாடு கொலம்பியாவில் பாதுகாப்பு மந்திரியானார். உள்ளூர் ஆட்கள் கதை வேறு. அரசு வழக்கறிஞர்களின் ஊழல் தடுப்புப் பிரிவுத் தலைவர் சாண்டோவாலை 2021 பிப்ரவரியில் அமெரிக்கா கௌரவித்தது. ஜூலையில் வேலை போனது, விடிவதற்குள் எல்லை தாண்டி எல் சால்வடோருக்கு ஓடினார். அதே பிரிவில் இருந்த வர்ஜீனியா லபாரா ஏறக்குறைய இரண்டு வருடம் சிறையில் இருந்தார்.

சரி, நீ கேட்கிற வெளிநாட்டான் வரட்டும். அவன் மூட்டை கட்டுகிற அன்றைக்கு லபாரா மாதிரி ஆட்களுக்கு என்ன வழி? யோசித்து எழுது. கண் ஆபரேஷன் தேதி சொன்னார்களா? சொன்னால் இரண்டு நாள் முன்பே வந்துவிடுகிறேன்.

உன்,
சுந்தரம்