ரங்கூன் வீழ்ந்தது, அரிசி நின்றது

ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப்போர் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, காரணங்களை ஐரோப்பாவோடு நிறுத்திக்கொண்டது. ஆசியாவில் போரை மூட்டியதில் எண்ணெய்க்குப் பெரும் பங்குண்டு. 1941 ஆகஸ்டில் அமெரிக்கா எண்ணெய் விற்பனையை நிறுத்த, டச்சு கிழக்கிந்தியத் தீவுகளின் எண்ணெய்க் கிணறுகளை நோக்கி ஜப்பான் தெற்கே இறங்கியது. சீனாவுக்குத் தளவாடம் சென்ற சாலையை அடைக்க பர்மாவுக்குள்ளும் நுழைந்தது. 1942 மார்ச் 8-இல் ரங்கூன் வீழ்ந்தது. இந்தியாவுக்கான பர்மா அரிசி வரத்தும் அதோடு நின்றது. எதிரி கையில் சிக்கக் கூடாதென்று, வங்கக் கடலோரத்தில் பத்துப் பேர் ஏறக்கூடிய படகுகளையும் உபரி நெல்லையும் ஆங்கிலேய அரசு அப்புறப்படுத்தியது. அக்டோபரில் புயல் வேறு. 1943 வங்கப் பஞ்சத்தில் மாண்டவர்கள் 15 முதல் 30 லட்சம் என்பது மதிப்பீடு.

கையிருப்பு நெல்லும் நாட்டுப் பாதுகாப்புதான். நம் காவிரி டெல்டாவிலோ, 17 சதவீத ஈரப்பதம் வரை கொள்முதலாகும் 40 கிலோ மூட்டைகள் பல இடங்களில் தார்ப்பாய்க்கு அடியில் திறந்தவெளியில் கிடக்கின்றன. நெடுநாள் இருப்புக்கு 14 சதவீதத்துக்குக் கீழே நெல் காய்ந்திருக்க வேண்டும். தார்ப்பாயை இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்து மேல்வரிசை பூசணம் பிடிக்கிறது. அடியில் மரச்சட்டம் இல்லாவிட்டால் தரையீரம் ஏறி, அடிமூட்டையில் வெள்ளை முளை சாக்கைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் நெல் உலர்த்தும் இயந்திரமும் மேற்கூரையிட்ட கிடங்கும் குறுவை அறுவடைக்கு முன்பே அரசு அமைத்துத் தர வேண்டும்.

- ஒரு வாசகர், மன்னார்குடி