ஆயின்மென்ட் என்று எழுதியிருந்தால் ஆயின்மென்டே கொடுங்கள்: நெல்லைச் சீமை மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கும், கவுண்டரில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். நானும் உங்களில் ஒருவன்தான். அம்பாசமுத்திரம் பக்கம் 22 வருஷமாக மருந்துக்கடை நடத்துகிறேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை நான் செய்த ஒரு தப்பைப் பற்றித்தான் இந்த மடல். நம்மில் நிறையப் பேர் அதைத் தப்பு என்றே நினைக்காமல் இன்றைக்கும் செய்துகொண்டிருக்கிறோம்.

போன ஐப்பசியில் முக்கூடலில் இருந்து ஓர் ஆச்சி வந்தார்கள். சின்ன வயதில் இருந்து பீடி சுற்றுகிற கை. உள்ளங்கை இரண்டும் தடித்து, வலது பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கோடைக் குளம் மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தன. ரூபாய் நோட்டை எண்ணும்போதே முகம் சுளித்தார்கள். பாளையங்கோட்டையில் தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த சீட்டு கையில் இருந்தது: மொமெட்டசோன் 0.1 சதவீதம், ஆயின்மென்ட், இரவில் ஒரு வேளை. மொமெட்டசோன் என்பது தோல் அழற்சியைத் தணிக்கிற ஒரு ஸ்டீராய்டு மருந்து. எங்கள் கடையில் அன்றைக்கு ஆயின்மென்ட் இல்லை. அதே கம்பெனி, அதே பெயர், அதே 0.1 சதவீதம், ஆனால் கிரீம் இருந்தது. "அண்ணாச்சி, கிரீம்தான் இருக்கு, குடுத்துரலாமா?" என்று தம்பி கேட்டான். "ரெண்டும் ஒரே மருந்துதானே, குடு" என்றேன். ஆச்சிக்கும் சந்தோஷம். "பிசுபிசுன்னு இல்லாம இருந்தா நல்லதுதான் அண்ணாச்சி, இலை வழுக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரு மாசம் கழித்துத் திரும்பி வந்தார்கள். கை அப்படியே இருந்தது. புதுச் சீட்டில் ஆயின்மென்ட் என்ற சொல்லுக்குக் கீழே டாக்டர் இரண்டு கோடு போட்டிருந்தார். "மருந்து கேக்கலைன்னு வீரியம் கூடினதா எழுதப் போனாரு. அதுக்கு முன்னாடி பையில கிடந்த டியூபை வாங்கிப் பாத்துட்டு, நான் எழுதுனது இது இல்லியேம்மான்னு சொன்னாரு" என்றார்கள் ஆச்சி. என்மேல் அவர்களுக்குக் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஒரு மாசம் வலியோடு பீடி சுற்றியிருக்கிறார்கள். டாக்டர் அந்த டியூபைப் பார்க்காமல் இருந்திருந்தால், தேவையே இல்லாமல் இன்னும் கடுமையான ஸ்டீராய்டு அந்தக் கைக்குப் போயிருக்கும்.

டி.பார்ம் என்ற மருந்தாளுநர் டிப்ளமோ படித்தபோது இதையெல்லாம் நாம் படித்தோம். பரீட்சையோடு அது போயிற்று. அந்த வாரம் பழைய புத்தகங்களை எடுத்து மறுபடியும் உட்கார்ந்தேன். படித்ததைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

தோலின் மேல்மட்டத்தில் இருப்பது செத்த செல்களின் அடுக்கு. உடம்பின் பெரும்பாலான இடங்களில் அதன் கனம் 10 முதல் 20 மைக்ரான்தான். நாம் மருந்து மடித்துக் கொடுக்கிற காகிதத்தின் கனத்தில் பாதிகூட வராது. ஆனால் செங்கல் வைத்துச் சாந்து பூசின சுவர் மாதிரி அது நிற்கிறது. செல்கள் செங்கல், நடுவில் இருக்கிற கொழுப்பு சாந்து. தடவுகிற மருந்து பெரும்பாலும் அந்தச் சாந்து வழியாகத்தான் உள்ளே இறங்கவேண்டும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இந்தச் சுவர் பல மடங்கு தடிமன். ஆச்சியின் கையில் நோயும் சேர்ந்து அதை இன்னும் தடிக்க வைத்திருந்தது.

சுவரைத் தொடும் முன்னாலேயே மருந்துக்கு இன்னொரு வேலை இருக்கிறது. மருந்தைக் கலந்து வைத்திருக்கிற களிம்புக்குப் பேஸ் என்று பெயர். முதலில் அந்தப் பேஸை விட்டு அது வெளியே வரவேண்டும். பாபநாசம் பஸ்ஸில் ஏறினவர் அம்பையில் இறங்கினால்தானே ஊருக்குள் போகமுடியும்? பேஸில் மருந்து ரொம்ப நன்றாகக் கரைந்துவிட்டால், ஜன்னலோர இடம் கிடைத்தவர் மாதிரி அது அங்கேயே உட்கார்ந்துவிடும், தோலுக்குள் இறங்காது. கரையவே இல்லை என்றாலும் கஷ்டம். கரைந்தும் கரையாமலும், எப்போது இறங்கலாம் என்று வாசல்படியில் நிற்கிற நிலையில் வைத்திருப்பதுதான் நல்ல பேஸ். அதற்காகத்தான் புரொப்பிலீன் கிளைக்கால் மாதிரியான பொருள்களை அளந்து சேர்க்கிறார்கள். டியூபில் அச்சடித்திருக்கிற சதவீதம், உள்ளே எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். அதில் தோலுக்குள் எவ்வளவு போகும் என்பது பேஸின் கையில் இருக்கிறது.

ஆயின்மென்ட் பேஸ் பெரும்பாலும் பெட்ரோலேட்டம், அதாவது வாசலைன் வகை. அது தோலின் மேல் ஒரு மூடி போட்டுவிடுகிறது. தோலில் இருந்து ஆவியாகிப் போகிற நீரை 98 சதவீதம் வரை அது தடுக்கும். போக வழியில்லாத நீர் அந்தச் செத்த அடுக்கை ஊற வைக்கும். ஆற்றில் ரொம்ப நேரம் குளித்துவிட்டு வந்தால் விரல் நுனி ஊறிப் போயிருக்குமே, அந்த மாதிரி. ஊறின சுவரில் மருந்து சுலபமாக இறங்கும். கிரீம் என்பது எண்ணெயும் தண்ணீரும் கலந்த குழம்பு. தடவினதும் அதில் இருக்கிற தண்ணீர் காற்றோடு போய்விடும், மூடி அவ்வளவாக நிற்காது.

எங்கள் கடைத் தம்பிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அப்புறம், இடது புறங்கையில் கொஞ்சம் கிரீமும் வலது புறங்கையில் அதே அளவு ஆயின்மென்டும் தடவி, கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, இரண்டு கையையும் குழாயடியில் காட்டச் சொன்னேன். இடது கையில் தண்ணீர் பரவி ஓடியது. லேசாகத் தேய்த்ததும் வெள்ளையாகக் கரைந்து கிரீமும் போய்விட்டது. வலது கையில் சேம்பு இலையில் விழுந்த மாதிரி தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. துண்டால் துடைத்த பிறகும் பிசுக்கு இருந்தது. நாள் முழுக்க இலையை நனைத்து, வெட்டி, சுற்றி, பத்துத் தடவை கை கழுவுகிற ஆச்சியின் உள்ளங்கையில் நான் கொடுத்த கிரீம் எவ்வளவு நேரம் இருந்திருக்கும்?

இது வெறும் ஊகம் இல்லை, அளந்து பார்த்தது. 1962-ல் மெக்கென்சியும் ஸ்டவ்டனும் ஒரு சோதனை முறையை வெளியிட்டார்கள். ஸ்டீராய்டு தோலுக்குள் போனால் ரத்தக்குழாய் சுருங்கி அந்த இடம் வெளுக்கும். எவ்வளவு வெளுக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு வேலை செய்கிறது என்பது தெரியும். இந்த மாதிரிச் சோதனைகளையும் சிகிச்சை அனுபவத்தையும் வைத்து அமெரிக்காவில் ஸ்டீராய்டு மருந்துகளை ஏழு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்று கடுமையானது, ஏழு மிக மென்மையானது. அதில் மொமெட்டசோன் 0.1 சதவீத ஆயின்மென்ட் இரண்டாம் படியில் நிற்கிறது. அதே 0.1 சதவீத கிரீம் நான்காம் படியில். பெட்டாமெத்தசோன் வேலரேட் 0.1 சதவீதமும் அப்படித்தான்: ஆயின்மென்ட் மூன்று, கிரீம் ஐந்து. எனக்குப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது ஃப்ளூட்டிகசோன் விஷயம். அதன் கிரீம் 0.05 சதவீதம், ஆயின்மென்ட் 0.005 சதவீதம். பத்தில் ஒரு பங்கு மருந்துதான். ஆனாலும் ஆயின்மென்ட் மூன்றாம் படி, கிரீம் ஐந்தாம் படி.

இதனால் எல்லாருக்கும் ஆயின்மென்டை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அது இன்னும் மோசம். 1967-ல் ஃபெல்ட்மனும் மைபாக்கும் ஹைட்ரோகார்டிசோனை உடம்பின் பல இடங்களில் தடவி, எங்கே எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் போவதை ஒன்று என்று வைத்துக்கொண்டால் உள்ளங்காலில் ஏழில் ஒரு பங்குதான் போகிறது. நெற்றியில் ஆறு மடங்கு. விரைப்பையில் 42 மடங்கு. அரையில் அரிப்பு என்று வெட்கத்தோடு வந்து மெதுவாகக் கேட்கிறவருக்கு, சீட்டும் இல்லாமல், ஸ்டீராய்டு கலந்த டியூபை நீட்டுகிறோமே, அந்த 42-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது படர்தாமரையாக இருந்தால் ஸ்டீராய்டு அதன் அடையாளத்தை மறைத்துப் பரவத்தான் விடும்.

கைக்குழந்தையின் இடுக்கில் தடவ டாக்டர் கிரீம் எழுதியிருக்க, நாம் ஆயின்மென்டைக் கொடுத்தோம் என்று வையுங்கள். மேலே டயப்பரையும் கட்டிவிட்டால் மூடிக்கு மேல் மூடி. பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டினால் ஸ்டீராய்டு உள்ளே போவது பத்து மடங்கு வரைகூடக் கூடும் என்கிறார்கள், டயப்பரும் அந்த வேலையைத்தான் செய்கிறது. வயலில் நின்று சேற்றுப்புண்ணோடு வருகிறவரின் விரலிடுக்கு ஏற்கெனவே ஊறி வெளுத்துக் கிடக்கும். அங்கே ஆயின்மென்டை அப்பினால் இன்னும் ஊறும். நீர் வடிகிற புண்ணுக்கும் அது ஆகாது. தலைக்கு லோஷன் எழுதினால் லோஷன்தான், முடிக்குள் கிரீம் எங்கே போய் ஒட்டும்? சித்திரை வைகாசி வெயிலில் முதுகு முழுக்க ஆயின்மென்ட் பூசினவருக்கு வேர்வையோடு சேர்ந்து மயிர்க்கால் எல்லாம் கொப்புளம் போடும். டாக்டர் இதையெல்லாம் பார்த்துத்தான் கிரீம், ஆயின்மென்ட், லோஷன் என்ற அந்தச் சொல்லை எழுதுகிறார்.

நம் ஊருக்கு இது புதுச் சங்கதியும் இல்லை. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரிப் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள். ஒரே பற்பத்தை, அதாவது புடமிட்ட மருந்துப் பொடியை, தேனில் கொடுப்பதும் நெய்யில் கொடுப்பதும் வேறு வேறு என்பார்கள், அனுபானம் என்று அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகிறது. அந்தத் தைலத்துக்கு எண்ணெய்தான் வேண்டும் என்று அவர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள்.

தேங்காய் எண்ணெய் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். டியூபை நீட்டும்போதே "கொஞ்சம் எண்ணெயில குழைச்சுத் தடவுங்க, ரொம்ப நாள் வரும்" என்று சொல்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கிரீமில் எண்ணெயைக் குழைத்தால் திரிந்த பால் மாதிரி அது பிரிந்துபோகும். மருந்து சமமாகப் பரவாது. தண்ணீர் உள்ள கிரீமில் கிருமி வளராமல் இருக்கச் சேர்த்த பொருளும் நீர்த்துப்போகும். எண்ணெய் தடவ வேண்டுமானால் வேறு நேரத்தில் தடவச் சொல்லுங்கள். அளவு கேட்டால், பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியில் இருந்து முதல் கணு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம், இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். மேற்கு வெயில் விழுகிற கண்ணாடி அலமாரியில் கிரீமை அடுக்காதீர்கள். பிதுக்கினதும் முதலில் தண்ணீர் வந்தால் அந்த டியூபை விற்கவே கூடாது.

சட்டமும் நமக்குத் தெரிந்ததுதான். 1945-ஆம் வருஷ மருந்து விதிகளில் 65-வது விதியைப் பாருங்கள். ஷெட்யூல் ஹெச், அதாவது டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கவேண்டிய பட்டியலில் உள்ள மருந்துக்குச் சீட்டு வந்தால், அதே மருந்து அடங்கியதாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, வேறொரு தயாரிப்பை அதற்குப் பதிலாகத் தரக் கூடாது என்று எழுதியிருக்கிறது. தோலில் தடவுகிற பல ஸ்டீராய்டுகளுக்கு அந்தப் பட்டியலில் இருந்து அதுவரை இருந்த விலக்கை 2018-ல் எடுத்துவிட்டார்கள். ஆகவே "ஒரே மருந்துதானே" என்ற பேச்சுக்கு அங்கேயும் இடம் இல்லை. ஆனால் இன்ஸ்பெக்டருக்குப் பயந்து இதைச் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. வெடித்த கையோடு நம் கவுண்டரில் நிற்கிறவர்கள் நம்மை நம்பித்தான் நிற்கிறார்கள்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். நாலு கம்பெனி, ஒவ்வொன்றிலும் கிரீம், ஆயின்மென்ட், லோஷன், ஜெல் என்று எல்லாவற்றையும் வாங்கி வைக்கச் சின்னக் கடைக்குக் கட்டாது. பெட்டியில் கிரீம், ஆயின்மென்ட் என்ற சொல்லைக் கடுகு அளவு எழுத்தில்தான் போடுகிறார்கள். சில சீட்டுகளில் அந்தச் சொல்லே இருப்பதில்லை, இருந்தாலும் கிறுக்கலாக இருக்கும். டாக்டர்மாரே, இதைப் படிக்க நேர்ந்தால், அந்த ஒரு சொல்லை மட்டுமாவது தெளிவாக எழுதுங்கள்.

இப்போது எங்கள் கடையில் கிரீம் ஓர் அடுக்கிலும் ஆயின்மென்ட் வேறு அடுக்கிலும் இருக்கின்றன. எழுதினது கையில் இல்லை என்றால் "நாளைக்கு வரவழைச்சுத் தாரேன்" என்கிறோம், அவசரம் என்றால் பக்கத்துக் கடைக்கு அனுப்புகிறோம். வியாபாரம் கொஞ்சம் போகிறது, போகட்டும்.

ஆச்சிக்கு அன்றைக்கே பேட்டையில் ஒரு கடையில் கேட்டு ஆயின்மென்டை வரவழைத்தேன். டாக்டருக்குப் போன் போட்டு, பகலில் இலை வழுக்கும் என்று அவர்கள் சொன்னதையும் சொன்னேன். ராத்திரி வேலை எல்லாம் முடிந்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தடவி, மேலே பழைய பருத்தி வேட்டித் துணியைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு படுக்கட்டும், விடிந்ததும் துடைத்துவிட்டு வேலைக்கு உட்காரலாம் என்றார் அவர். அந்தப் பேச்சுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று வாரம் கழித்து ஆச்சி வந்தபோது பெருவிரல் வெடிப்பு மூடியிருந்தது. நோட்டை அவர்களே எண்ணிக் கொடுத்தார்கள்.

இப்படிக்கு,
அம்பாசமுத்திரம் பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஒருவர்