படத்துக்குக் கீழே ஓவியர் பெயரும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சீக்கிய வரலாற்று ஓவியங்கள் பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். தமிழ் இதழ்களில் அபூர்வமாகவே வரும் விஷயம் இது, இடம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் படங்கள் போட்டிருந்தும், ஒன்றின் கீழும் வரைந்தவர் பெயர் இல்லை. எல்லாவற்றுக்கும் 'சீக்கிய ஓவியம்' என்ற ஒரே குறிப்புதான். வங்கி வேலையாக அமிர்தசரஸில் சில ஆண்டுகள் இருந்தவன் நான். அந்த ஊர்ச் சுவர்களைப் பார்த்துப் பழகியவனால் இதைப் பேசாமல் விட முடியவில்லை.

நீங்கள் முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்த குருநானக் படத்தையே எடுத்துக்கொள்வோம். பாதி மூடிய கண்கள், வெண்தாடி, ஆசி வழங்க உயர்ந்த கை. லாரிகளிலும் கடைக் கல்லாவுக்கு மேலும் நாம் பார்க்கிற முகம். பலர் நினைப்பதுபோல அது காலங்காலமாக வரும் முகமல்ல. குருவின் 500-வது பிறந்தநாளை ஒட்டி 1969-ல் சோபா சிங் வரைந்தது. அவர் 1901-ல் குர்தாஸ்பூர் மாவட்டத்து ஸ்ரீஹர்கோவிந்த்பூரில் பிறந்தவர். இளவயதில் ராணுவத்தில் வரைவாளராகச் சேர்ந்து பாக்தாத் வரை போனார். பிரிவினைக்குப் பிறகு காங்க்ரா பள்ளத்தாக்கில் அந்த்ரேட்டா என்ற சிறு கிராமத்தில் குடியேறி, கடைசிவரை அதையே வீடாகக் கொண்டார். குரு வாழ்ந்த காலத்து உருவப்படம் எதுவும் பார்த்து வரையக் கிடைக்காத நிலையில், அவருடைய பாடல்களிலிருந்து ஒரு முகத்தை உண்டாக்கினார். இவ்வளவு பேர் தினமும் பார்க்கும் படத்தை வரைந்தவருக்கு உங்கள் பக்கத்தில் ஒரு வரி இடம் கிடைத்திருக்கலாம்.

அருங்காட்சியகப் படங்களில் ரத்தம் அதிகம் என்று கட்டுரையாளர் வருத்தப்பட்டிருந்தார். பொற்கோயிலின் மணிக்கூண்டு வாசலுக்கு மேல்மாடியில் 1958-ல் தொடங்கிய மத்திய சீக்கிய அருங்காட்சியகத்தைத்தான் சொல்கிறார். அங்குள்ள முக்கியமான படங்கள் பல கிர்பால் சிங் வரைந்தவை. அவற்றைப் புரிந்துகொள்ள, குருத்வாராவில் தினமும் எல்லோரும் எழுந்து நின்று சொல்லும் அர்தாஸ் பிரார்த்தனையைக் கேட்க வேண்டும். கணுக்கணுவாக வெட்டப்பட்டவர்கள், மண்டைத் தோல் உரிக்கப்பட்டவர்கள், சக்கரத்தில் ஏற்றப்பட்டவர்கள், ரம்பத்தால் அறுக்கப்பட்டவர்கள், அப்படியும் நம்பிக்கையைக் கைவிடாதவர்கள் என்று அதில் தியாகிகளை நினைக்கிறார்கள். 1675-ல் டெல்லியில் அறுக்கப்பட்ட பாய் மதி தாஸும், அடுத்த நூற்றாண்டில் லாகூரில் உயிர்விட்ட பாய் மணி சிங்கும் பாய் தாரு சிங்கும் அந்த வரிகளுக்குள் இருப்பவர்கள். சபை தினமும் காதால் கேட்பதைத்தான் ஓவியர்கள் கண்ணுக்குக் கொண்டுவந்தார்கள். படங்களில் அந்தத் தியாகிகளின் முகத்தைக் கவனியுங்கள். துடிப்பு இல்லை, அமைதிதான் இருக்கிறது. பேரனை அழைத்து வந்த பாட்டி ஒருவர் ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று பெயர் சொல்லிக் கதை சொன்னதை நான் அங்கே பார்த்திருக்கிறேன். அதை ரத்த வேட்கை என்று எப்படிச் சொல்ல முடியும்?

சரி, போர்க்களத்தோடு சீக்கிய ஓவியம் முடிந்துவிடவில்லை என்பதில் எனக்கும் கட்டுரையாளரோடு உடன்பாடுதான். அப்படியென்றால் அவர் ஜனம்சாகிப் படங்களைப் பற்றி எழுதியிருக்க வேண்டும். குருநானக்கின் வாழ்க்கைக் கதைகளைச் சொல்லும் சுவடிகள் அவை. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் பி-40 என்ற சுவடி 1733-ல் எழுதப்பட்டது. அதில் 57 படங்கள். வரைந்தவர் ஆலம் சந்த் என்கிற கொத்தனார். அரசவை ஓவியரின் நுணுக்கமெல்லாம் அவரிடம் இல்லை. எளிய கோடுகள், அழுத்தமான வண்ணங்கள். குரு உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் ரபாப் வாத்தியத்தோடு அவருடைய தோழர் மர்தானா, எதிரே கேள்வி கேட்க வந்த யாரோ ஒருவர். இந்தப் பேச்சும் பாட்டும்தான் அந்தப் படங்களின் உயிர். ஜனம்சாகிக் கதைகளில் குரு கடல் கடந்து இலங்கைக்குப் போய் சிவநாபன் என்ற அரசனைச் சந்திப்பதும் உண்டு. ராமேஸ்வரத்தில் ஒரு குருத்வாரா இருப்பதற்குப் பின்னால் இருக்கும் மரபும் குருவின் அந்தத் தென்திசைப் பயணம்தான்.

அடுத்து, எனக்கு மிகவும் பிடித்த சுவரோவியர்கள். கட்டுரையில் இவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பொற்கோயிலுக்குள் போகிறவர்கள் தங்கத் தகட்டைப் பார்த்து வியந்துவிட்டு வந்துவிடுகிறோம். உள்சுவர்களில் கொடியும் பூவும் பறவையுமாக விரியும் வேலைப்பாட்டில் நக்காஷ்கள் எனப்படும் சுவர் அலங்கார ஓவியர்கள் பல தலைமுறையினரின் உழைப்பு இருக்கிறது. அவர்களில் ஒருவர் பாய் கியான் சிங் நக்காஷ் (1883–1953). நிஹால் சிங்கிடம் தொழில் கற்று, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சுவர்களிலேயே வேலை செய்தவர். மொஹ்ராகஷி என்ற அந்த முறையில் சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் ஏற வேண்டும். ஊசியால் துளையிட்ட காகிதத்தைச் சுவரில் வைத்துக் கரித்தூள் தட்டி உருவத்தை இறக்குவார்கள். அப்புறம் நீரில் குழைத்த மண் வண்ணங்களைத் தீட்டி, சிறு கரணையால் தட்டி, தேய்த்து மெருகேற்றுவார்கள். பூச்சு காய்ந்துவிட்டால் திருத்த வழியில்லை. கியான் சிங்கின் மகன் ஜி. எஸ். சோஹன் சிங்கும் ஓவியராகி, குருமார்களையும் தியாகிகளையும் வரைந்து, அச்சுப் படங்களாக வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தார்.

பஞ்சாபில் இப்படிப்பட்ட சுவர்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. யாரும் பகையால் செய்வதில்லை. பக்தியோடு கர்சேவை என்ற கோயில் தொண்டுக்குக் கிளம்புகிறார்கள், பழைய பூச்சை உரித்துவிட்டுப் பளிங்கு பதிக்கிறார்கள், அல்லது வெள்ளையடிக்கிறார்கள். 2019 மார்ச்சில் தரன் தாரன் குருத்வாராவின் பழைய தர்ஷனி டியோடி வாசலையே இடிக்கத் தொடங்கினார்கள். பக்தர்கள் திரண்டு எதிர்த்ததால் வேலை நின்றது. ஆனால் சிறிய ஊர் குருத்வாராவில் ஒரு சுவர் போனால் எதிர்க்க யார் வருவார்கள்? இன்னார் வரைந்தது என்று தெரிந்திருந்தால் சுத்தியலை எடுக்கும் முன் ஒருவராவது தயங்குவார். பெயர் தெரியாத சுவரைப் பழைய சுவர் என்றுதான் பார்க்கிறார்கள்.

இந்தத் தொடரின் அடுத்த பகுதி வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். பொற்கோயிலுக்குப் பக்கத்திலேயே நிற்கும் பாபா அடல் கோபுரத்துக்கு ஒருவரை அனுப்புங்கள். அங்கே குருநானக்கின் வாழ்க்கை சுவர் முழுக்க வரையப்பட்டிருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, எந்தக் காட்சி, யார் யார் நிற்கிறார்கள், வரைந்தவர் தெரிந்தால் அவர் பெயர் என்ன என்பதையெல்லாம் சேர்த்து வெளியிடுங்கள். சென்ற இதழ்ப் படங்களுக்கு விட்டுப்போன பெயர்களையும் ஒரு சிறு கட்டமாக அதே பக்கத்தில் போட்டுவிடலாம்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்,
திருச்சி.