கொழும்பில் பேய்ப்படம் எடுக்கும் தமிழ்க் குறும்பட நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய நெறியாளர்களுக்கும் ஒளிப்பதிவாளர்களுக்கும் வணக்கம்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளை ஓரிரு நாட்களுக்குக் கேட்டு வாங்கி நீங்கள் எடுக்கும் பேய்ப்படங்களை நான் விடாமல் பார்த்து வருகிறேன். கைக்காசைப் போட்டு, நண்பர்களையே நடிக்க வைத்து, பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு இரவிரவாகப் படம்பிடிக்கும் உங்கள் உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த மரியாதையினால்தான் இதை எழுதுகிறேன். பேயின் முகப்பூச்சுக்கும் வெள்ளைச் சேலைக்கும் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட நீங்கள் வீட்டுக்குக் கொடுப்பதில்லை. பேய் வீட்டுப் படத்தில் முதன்மைப் பாத்திரம் வீடு என்பதை மறந்துவிட்டால், மிச்சம் எத்தனை திறமையாக அமைந்தாலும் பார்ப்பவருக்குப் பயம் வராது.

ரொபர்ட் வைஸ் நெறிப்படுத்தி 1963 இல் வெளிவந்த 'த ஹோன்டிங்' திரைப்படத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். ஷேர்லி ஜாக்சன் 1959 இல் எழுதிய நாவலைத் தழுவிய அந்தப் படத்தில் பேய் ஒரு முறைகூடத் திரையில் தோன்றுவதில்லை. வீட்டின் வெளித்தோற்றத்தை இங்கிலாந்தின் வொரிக்‌ஷயரிலுள்ள எட்டிங்டன் பார்க் என்ற மாளிகையில் படம்பிடித்தார்கள். உள்ளறைகளைப் போரம்வூட்டில் இருந்த எம்ஜிஎம் ஸ்டூடியோவில் அமைத்தார்கள். செலவு ஏறத்தாழ 11 இலட்சம் டொலர்; ஹொலிவூட்டின் கணக்கில் அது அக்காலத்திலும் பெரிய தொகையல்ல. வண்ணப்படம் எடுக்கும் வசதி தாராளமாக இருந்த காலத்தில் வைஸ் கறுப்பு வெள்ளையைத் தேர்ந்தெடுத்தார் என்பதையும், மாளிகையின் கற்சுவர்கள் இயல்பை மீறித் தெரிய வேண்டும் என்பதற்காக அகச்சிவப்புப் படச்சுருளைப் பயன்படுத்தினார் என்பதையும் கவனியுங்கள். படப்பிடிப்புத் தொடங்குவதற்கு முன்பே அந்த வீட்டின் முகத்தைப் பற்றி அவர் முடிவெடுத்திருக்கிறார்.

அறைகளின் விடயத்திலும் அப்படித்தான். மேலிருந்து விளக்குகளைத் தொங்கவிட வேண்டியிருப்பதால் ஸ்டூடியோ அரங்குகளுக்கு வழமையாகக் கூரை போடுவதில்லை. இந்தப் படத்துக்கோ, கலை இயக்குநர் எலியட் ஸ்கொட் அமைத்த அறைகளுக்கு மேல்தளமும் போடப்பட்டது. அந்த அறைகளுக்குள் நிற்பவர்களோடு சேர்ந்து நமக்கும் மூச்சு முட்டுகிறது. அதற்கு மேல், பனாவிஷன் நிறுவனம் இன்னும் முழுமைப்படுத்தி முடிக்காத 30 மில்லிமீற்றர் அகலக்கோண லென்ஸ் ஒன்றை வைஸ் கேட்டு வாங்கினார். ஓரங்களில் உருவத்தை வளைக்கும் அந்த லென்ஸின் குறையைத் தெரிந்துகொண்டே பெறுகிறேன் என்று அவர் எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. சுவர்கள் நேராக நிற்பதுபோல் இருந்தும் நேராக இல்லாத அந்த உணர்வு அங்கிருந்துதான் வருகிறது.

கொழும்பின் பழைய வீடுகளில் இதற்கெல்லாம் அரங்கே தேவையில்லை. பலகை அடித்த உயரமான சீலிங், அதில் மழை ஒழுகிப் படிந்த பழுப்பு வட்டங்கள், கதவுக்கு மேலே காற்றுப் போவதற்காக மரத்தில் பூவேலை செய்து வைத்த சட்டம், அதன் வழியே பக்கத்து அறையின் வெளிச்சம் சுவரில் விழுத்தும் கோலம், உப்புக்காற்றில் துருவேறி இறுகிப்போன பிணைச்சல், இவை யாவும் நீங்கள் கமராவை வைக்கும் அறையிலேயே இருக்கின்றன. உங்கள் படங்களிலோ இவற்றில் ஒன்றும் தெரிவதில்லை. எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு நீல வெளிச்சம் ஒன்றைப் பாய்ச்சுகிறீர்கள். வைஸின் வீட்டு அறைகளில் இருட்டு மூலைகளே இல்லை என்று சொல்லுமளவுக்கு வெளிச்சம் இருக்கிறது. எல்லாம் தெரிகிறது, இருந்தும் எதையோ காணவில்லை என்ற தவிப்பை அந்த வெளிச்சமே உண்டாக்குகிறது.

ஒலியைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் நால்வர் ஓர் அறைக்குள் ஒடுங்கியிருக்க, மூடிய கதவு வெளியிலிருந்து அழுத்தப்பட்டு உள்நோக்கிப் புடைத்து வரும் காட்சி ஒன்று உண்டு. பல அடுக்காக ஒட்டிய பலகையில் கதவைச் செய்து, மறுபக்கத்தில் வலுவான ஓர் ஆளை நிறுத்தித் தள்ளவைத்தே அதை எடுத்தார்கள். தந்திரம் அவ்வளவுதான். அதைவிட முக்கியமானது, சுவரை இடிக்கும் ஓசைகளை முன்கூட்டியே பதிவு செய்து, படப்பிடிப்பின்போது நடிகர்கள் கேட்கும்படி ஒலிக்கவிட்டது. எல்லோருடைய கண்களும் ஒரே கணத்தில் ஒரே திசைக்குத் திரும்புவதற்கு அதுவே காரணம். நம்முடைய படப்பிடிப்புகளில், கமராவுக்குப் பின்னால் நின்று "இப்ப பயப்பிடு தம்பி" என்று சொல்கிறோம். தம்பியும் தனக்குத் தெரிந்த மாதிரிப் பயப்படுகிறார். பிறகு தொகுப்பு மேசையில், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அலறலை அதன்மேல் ஒட்டுகிறோம்.

படப்பிடிப்புக்கு முந்திய இரவு, அந்த வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியோடு தனியே இருந்து பாருங்கள். கரையோரப் பாதையில் கடைசி ரயில் போகும்போது யன்னல் கண்ணாடிகள் அதிரும். அது ஓய்ந்த பின்பும் ஏதோ ஒரு கண்ணாடி மட்டும் சற்று நேரம் நடுங்கிக்கொண்டிருக்கும். பகல் வெயிலில் காய்ந்த கூரை மரம் நள்ளிரவில் குளிர்ந்து சடசடக்கும். இவற்றை வேறெந்த ஊர்ப் படத்திலிருந்தும் நீங்கள் இரவல் வாங்க முடியாது.

பணம் இல்லை என்பதை ஒரு காரணமாக நான் ஏற்க மாட்டேன். அதே நாவலை 1999 இல் மீண்டும் படமாக்கியபோது ஏறத்தாழ 8 கோடி டொலர் செலவிட்டு, பிரமாண்டமான அரங்குகள் அமைத்து, கணினி வரைகலையில் பேயையும் காட்டினார்கள். விமர்சகர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. பேய்ப்பட இரசிகர்கள் இன்றும் பழைய படத்தையே தேடிப் பார்க்கிறார்கள்.

வீட்டுக்காரர்கள் சார்பிலும் ஒரு வேண்டுகோள் உண்டு. எனக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர் மேல்மாடியை வாடகைக்குக் கொடுத்துச் சீவிப்பவர். அவருடைய வீட்டில் படம் எடுத்த குழுவொன்று, ஒழுங்கையின் பெயர்ப்பலகையும் கேற்றும் தெரியும்படி காட்சியை வைத்ததோடு, உண்மைச் சம்பவம் என்றும் விளம்பரம் செய்துவிட்டது. அதன் பிறகு வீடு பார்க்க வருபவர்கள் வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள். முகப்பு வேறொரு வீடாகவும் உள்ளறைகள் வேறொரு வீடாகவும் இருக்கலாம் என்பதற்கு எட்டிங்டன் பார்க்கே சான்று; அந்த மாளிகை இன்று விருந்தினர் தங்கும் ஹோட்டலாக இயங்குகிறது. 1983 ஜூலையில் எரிக்கப்பட்ட வீடுகளைக் கதைக்களமாக எடுப்பவர்கள் இன்னும் நிதானிக்க வேண்டும். அங்கே இறந்தவர்களின் பிள்ளைகளும் சகோதரர்களும் இந்த நகரத்தில் நம்மோடு வாழ்கிறார்கள். அந்த மரணங்களைத் திடுக்கிடல்களாக மாற்றுவதற்கு நமக்கு உரிமையில்லை.

ஆகவே, அடுத்த படத்துக்கு வீடு கேட்டுப் போகும்போது கதைச்சுருக்கத்தின் பிரதி ஒன்றை வீட்டுக்காரரிடம் கொடுத்து, எந்த அறை எப்படிக் காட்டப்படும், வெளிமுகப்பு தெரியுமா என்பவற்றை எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். படம் முடிந்ததும் முதற்காட்சிக்கு அவரையும் அழையுங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் இரசிகர் ஒருவர்