மாடித்தோட்டக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராமல் அறிக்கையை மட்டும் வாட்ஸ்அப்பில் போடச் சொன்னவர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஐந்து முறை கூடியது. அதில் இரண்டு முறை கோரம் இல்லை, அதாவது முடிவெடுக்கப் போதிய ஆள் வரவில்லை. ஆடியில் விதை வழங்கினோம். சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது.

இனி, ஹைட்ரோபோனிக்ஸ், அதாவது மண்ணில்லாமல் உரம் கலந்த தண்ணீரைக் குழாயில் ஓடவிட்டுச் செடி வளர்ப்பது. மே மாதம் 120 லெட்டூஸ் (சாலட் கீரை) செடியும் போனதற்குச் செயலாளர் உரத்தை அதிகம் கலந்ததே காரணம் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதப்பட்டது. அன்றே பதில் எழுதியிருக்கலாம். பொதுக்குழுவில் பதிவாகட்டும் என்று விட்டுவைத்தேன்.

கத்திரி வெயில் தொடங்கிய வாரம் செடிகள் காலையில் நன்றாக நிற்கும், பதினோரு மணிக்குத் துவளும், இருட்டியதும் நிமிரும். "தண்ணியிலேயே நிக்கிற செடி எப்படிங்க வாடும்?" என்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. நான்காம் நாள் ஒரு செடியைக் குழாயிலிருந்து தூக்கிப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் டிகாஷன் நிறத்தில் கொழகொழவென்று தொங்கியது. இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்துவிட்டது, உள்ளே நூல் மட்டும் மிச்சம். பூச்சாடியில் நாள்கணக்கில் மாற்றாத தண்ணீரின் வாடை. இதுதான் வேரழுகல், பித்தியம் என்கிற பூஞ்சை போன்ற நுண்ணுயிர் செய்கிற வேலை. உரம் கூடினால் இலை ஓரம் கருகும், வேர் இப்படிக் கூழாகாது. தண்ணீரில் எவ்வளவு உரம் கரைந்திருந்தது என்று காட்டும் டிடிஎஸ் அளவுகள் நோட்டில் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம்.

குழாய்களுக்குத் தண்ணீர் போகிற நீல டிரம் வெட்டவெளியில், சிமெண்ட் தரைமேல் நின்றது. மதியம் இரண்டு மணிக்குத் தெர்மாமீட்டரை விட்டேன். 36 டிகிரி. லெட்டூஸ் வேருக்கு 18 முதல் 22 வரை இருந்தால் சுகம். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 35 டிகிரியில் அது 7க்கு வந்துவிடும். அதே சூட்டில் வேர் அதிகமாக மூச்சு வாங்கும். தேவை ஏறுகிறது, கையிருப்பு இறங்குகிறது. மூச்சுத் திணறுகிற வேர் தண்ணீரை இழுக்காது. அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் இதுதான். திணறிய வேரில் பித்தியம் புகுவது எளிது. நம் அமைப்பில் எல்லாக் குழாயிலும் ஒரே தண்ணீர் சுற்றுவதால், ஒரு செடியில் வந்தது ஒரே வாரத்தில் எல்லாவற்றுக்கும் போயிற்று.

இதற்கு நடுவில் ஓர் உறுப்பினர் யூடியூப் பார்த்து ஹைட்ரஜன் பெராக்சைடை அளவில்லாமல் ஊற்றினார். மிச்சமிருந்த நல்ல வேரும் போயிற்று. இன்னொருவர் மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க மதியம் மோட்டாரை நிறுத்தினார். குழாயில் விரல் கனம்கூட இல்லாமல் ஓடுகிற தண்ணீர், நின்றால் வேர் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. இருவரும் நல்லெண்ணத்தில் செய்ததுதான்.

செடிகளைப் பிடுங்கி, குழாய்களைப் பிளீச்சிங் போட்டுக் கழுவி, டிரம்மை ஓவர்ஹெட் டேங்கின் அடியில் நிழலுக்கு நகர்த்தினேன். சுற்றிலும் தெர்மோகோல், குழாய்களுக்கு வெள்ளைப் பெயிண்ட், மேலே 50 சதவீத நிழல்வலை, உள்ளே மீன்தொட்டி ஏர் பம்ப். குறைந்த தண்ணீரை நிரப்புவது விடியற்காலையில் மட்டும், ஏனென்றால் மதியம் மாடிக் குழாயில் வருவது வெந்நீர். செயற்குழு ஒப்புதல் இல்லாமல் செலவு செய்தேன் என்பது உண்மை. கோரம் இல்லாத கூட்டத்தில் யாரிடம் ஒப்புதல் வாங்குவது? மதிய அளவு 30க்கு இறங்கியது. 22 ஆகவில்லை, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் இல்லாமல் ஆகவும் ஆகாது. அதனால் கோடை முடியும்வரை லெட்டூஸை விட்டுவிட்டு, சூடு தாங்கும் வள்ளல்கீரை போட்டோம். அது நன்றாகவே வந்தது. வாங்கிப் போனவர்களுக்கு நினைவிருக்கும்.

டிரம்மில் போட யார் என்று ஐஸ் பாட்டில் தருவது என்ற முறைப்பட்டியல் பற்றியும் சொல்ல வேண்டும். 100 லிட்டர் தண்ணீரில் ஒரு லிட்டர் ஐஸ் போட்டால் குறைவது ஏறத்தாழ ஒரு டிகிரி. ஆகவே ஒரே வீட்டு ஃபிரிட்ஜால் ஆகிற காரியமில்லை, ஆளுக்கு இரண்டு பாட்டில் என்று 14 வீட்டார் பெயர் கொடுத்தார்கள். முதல் வாரம் ஒன்பது வீட்டிலிருந்து வந்தது. மூன்றாம் வாரம் என் வீட்டுப் பாட்டில் இரண்டும், காவலாளி கொண்டுவந்தது ஒன்றும். அவர் நம் உறுப்பினர் இல்லை.

சந்தா: 42 உறுப்பினர்களில் 17 பேர் பாக்கி, அதில் ஆறு பேருக்கு இது இரண்டாம் ஆண்டு. பெயர்களை அறிவிப்புப் பலகையில் போட வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. வரவும் செலவும் ஏறத்தாழ சமம். சிறு பற்றாக்குறை தற்காலிகமாக ஈடுகட்டப்பட்டுள்ளது, யார் ஈடுகட்டினார் என்பது பொருளாளருக்குத் தெரியும்.

தலைவர், பொருளாளர், தணிக்கை செய்த உறுப்பினர், காவலாளி ஆகியோருக்கு நன்றி.

அடுத்த ஆண்டுக்கு எனக்குப் பதவி ஆசை இல்லை. முழங்கால் வலியோடு தினமும் மூன்று மாடி ஏறுவது சிரமமாக இருக்கிறது. இளையவர் யாராவது முன்வந்தால் சந்தோஷம். வராவிட்டால், சரி, மதியம் இரண்டு மணிக்குத் தண்ணீரின் சூட்டை அளக்க மட்டுமாவது நாளுக்கு ஒருவர் வேண்டும். மீண்டும் கத்திரி வருகிறது. தெர்மாமீட்டர் மாடிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, நோட்டு அதன் கீழே, பேனா நூலில் கட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்