அம்மாவைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்ங்க. அம்மா வீடு வந்து சேர்ந்துவிட்டார், நேற்றிலிருந்து பழையபடி எங்களையெல்லாம் அதட்டவும் ஆரம்பித்துவிட்டார், அதனால் இனி தைரியமாகச் சொல்லலாம் என்றுதான் இந்த மடல். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் போட்டுச் சொல்ல ஆசைதான், ஆனால் உதவியவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

வந்தது உண்ணிக் காய்ச்சல். ரிப்போர்ட்டில் ஸ்கரப் டைபஸ் என்று இருக்கும். மாட்டில் ஒட்டும் உண்ணி இல்லை இது, புதரிலும் புல்லிலும் இருக்கிற, கண்ணுக்கே தட்டுப்படாத ஒரு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. கடித்து ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் தெரியும் என்பதால் எங்கே கடித்தது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஐப்பசி மழை பெய்து விட்டால் வாய்க்கால் கரையில் புல் இடுப்பளவு நிற்கும், அம்மா மாட்டுக்குப் புல் அறுக்காத நாளே கிடையாது.

முதலில் காட்டிய இடத்தில் டெங்கு இல்லை என்று வந்ததுமே வைரல் காய்ச்சல் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் பெயரைச் சொல்லி என்ன ஆகப் போகிறது. காய்ச்சல் மட்டும் விடவில்லை, தலைவலியில் கண்ணைத் திறக்க முடியவில்லை, அப்புறம் இருமல்.

எங்கள் ஊர் சுகாதார செவிலியர் அக்காவுக்குத்தான் முதல் நன்றி. வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தவர், திண்ணையில் சாய்ந்திருந்த அம்மாவைப் பார்த்ததும் நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் அம்மாவின் மூச்சை எண்ணினார். எண்ணி முடித்ததும், "இனி இங்க வெச்சிருக்காதீங்க, கோயமுத்தூர் ஜி.எச்.சுக்குக் கொண்டு போயிருங்க" என்றார், அவ்வளவுதான். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் மஞ்சளுக்குத் தண்ணி விட்டுக்கொண்டிருந்தவர், மடையைக்கூட அடைக்காமல் ஓடி வந்து ஆம்னியை எடுத்தார். அண்ணா, அந்த மண்வெட்டி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

இப்போது ஜி.எச்.சில் அம்மாவைப் பார்த்த அந்த இளம் பெண் மருத்துவர். ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) 40,000-க்குக் கீழே இறங்கியிருந்தது, கல்லீரல் கணக்கு ஏறியிருந்தது, எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளையாக இருந்தன. சுற்றி நின்ற நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருக்க, அவர் திரையை இழுத்து விட்டு, ஒரு சிஸ்டரைக் கூட வைத்துக்கொண்டு அம்மாவின் உடம்பு முழுக்கத் தேடினார் என்று என் மனைவி சொன்னாள். காதுக்குப் பின்னால், அக்குள், மார்புக்கு அடியில், கடைசியில் பாவாடை நாடா கட்டும் இடம். அங்கே இருந்தது, சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அம்மா அந்த நிலைமையிலும், "அது நாடா ஒரசுனதுங்க அம்மிணி, அதப்போயி பாத்துக்கிட்டு" என்றாராம்.

அதுதான் பூச்சி கடித்த அடையாளம். அந்தப் பொருக்கைப் பார்த்ததும் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்தை ஆரம்பித்துவிட்டார். டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டும் ஊசியாக. எலைசா என்கிற ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்து அவர் நினைத்ததையே உறுதி செய்தபோது அம்மாவுக்குப் பாதி மருந்து ஏறியிருந்தது. இந்தக் கிருமி நம் செல்லுக்குள்ளேயே குடியேறி வளருமாம், அதனால் காய்ச்சலுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற ஊசிகள் இதைத் தொடாது என்று பொறுமையாகச் சொன்னார். எதற்கு இரண்டு மருந்து என்று கேட்டேன். வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு ஒன்று 2023-ல் வந்ததாம், நோய் முற்றிய சுமார் 800 பேரிடம் பார்த்ததில், ஒரு மருந்து மட்டும் கொடுத்தவர்களைவிட இரண்டும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு ஏழாம் நாளில் சிக்கல்கள் குறைவாக இருந்தனவாம். இறப்பில் வித்தியாசம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரை எங்களுக்குப் பிடித்துப்போனது.

ஐ.சி.யூ. சிஸ்டர்களே, மூச்சுக்கு முகத்தில் மாட்டும் அந்த பைபாப் மாஸ்க்கை அம்மா பிடுங்கிப் பிடுங்கி எறிய, ஒருமுறைகூட முகம் சுளிக்காமல் திரும்பத் திரும்ப மாட்டிவிட்டீர்கள். வெண்டிலேட்டர் வரை போகாமல் தப்பியதில் பாதிப் பங்கு உங்களுடையது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். மருந்து ஏறி இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது. பப்பாளி இலைச் சாறோடு வந்த எங்கள் சொந்தக்காரர்களையும் கோபிக்காமல் திருப்பி அனுப்பினீர்களே, அதற்குத் தனி நன்றி. ரத்தம் எங்கும் கசியவில்லை, தட்டணு ஏற்ற வேண்டியதில்லை, காய்ச்சல் அடங்கினால் தானாக ஏறும் என்றார்கள், அப்படியே ஏறியது.

ஊரில் கொஞ்ச நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவே சிலர் யோசித்தார்கள். குற்றம் சொல்லவில்லை, கொரோனா பார்த்த ஊர். அதே செவிலியர் அக்காதான் வீடு வீடாகப் போய், இது ஆளுக்கு ஆள் ஒட்டாது, புல்லறுக்கப் போனால் கை கால் மூடிப் போங்கள், புல் தரையில் உட்காராதீர்கள், வந்ததும் குளித்துத் துணியை மாற்றுங்கள் என்று சொல்லி வைத்தார். பெரியம்மா, அந்த நாள்களிலும் காலை மாலை மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றி, கணக்கை எங்கள் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தீர்கள். அம்மா வந்ததும் முதலில் சரிபார்த்தது அதைத்தான், காசு சரியாக இருக்கிறது.

வார்டு வாசலில் விடிய விடிய என்னோடு உட்கார்ந்திருந்து, சாப்பிடாமல் இருந்த எனக்கு இட்லி வாங்கிக் கொடுத்த பல்லடத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், விசைத்தறி ஓட்டுபவர், அவர் அப்பாவும் அங்கேதான் படுத்திருந்தார். நம்பர் வாங்கும் நிலைமையில் நான் இல்லை. இது கண்ணில் பட்டால் கூப்பிடுங்கள் அண்ணா. மாசியில் குலதெய்வத்துக்குக் கெடா வெட்டுகிறோம், அப்பாவையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.