செயலாளரின் ஆண்டறிக்கை: வயலுக்குள் காற்று நுழையும்போது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வாய்க்கால் தூர்வாரும் வேலையும் மடை பழுதுபார்ப்பும் தண்ணீர் திறக்குமுன் முடிந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம்மிடையே அதிகம் பேசப்பட்டது மண்ணின் கரிமச்சத்து, அதாவது மட்கிய தழை, சாணம் போன்றவற்றால் மண்ணில் சேரும் கரிமம். அதைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

1895-இல் பெரியாறு அணை கட்டி முடிந்த பிறகு கால்வாய்த் தண்ணீரால் செழித்தது மேலூர்ப் பகுதி. இப்போதோ, போட்ட உரம் பேசவில்லை என்று வீட்டுக்கு வீடு குறை கேட்கிறது. அதனால்தான் மண் பரிசோதனை விளக்கக் கூட்டம் நடத்தினோம். நடுவயல் மண்ணையும் வரப்போரப் புளியமரத்தடி மண்ணையும் தனித்தனிக் குடுவையில் ஒரு கிராம் வீதம் இட்டு, ஆரஞ்சு நிற டைகுரோமேட் கரைசலையும் அடர் கந்தக அமிலத்தையும் ஊற்றினார்கள். குடுவை கை வைக்க முடியாதபடி கொதித்தது. அரை மணி நேரத்தில் புளியமரத்தடி மண் கரும்பச்சையாக மாறியது. நடுவயல் மண்ணோ ஆரஞ்சு நிறத்திலிருந்து அதிகம் மாறவில்லை. 1934-இல் வாக்லி, பிளாக் என்ற ஆய்வாளர்கள் வகுத்த முறை இது. மண்ணிலுள்ள கரிமம் ஆக்சிஜனேற்றம் அடைய, அதாவது ஆக்சிஜனோடு சேரச் சேர, பச்சை கூடும். கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்று கணக்கு.

அமிலம் அரை மணியில் செய்வதைக் காற்றும் நுண்ணுயிர்களும் வயலில் மெதுவாகச் செய்கின்றன. கோடை உழவில் மண்கட்டிக்குள் ஒளிந்திருந்த மட்கு (கரிமம் நிறைந்த மட்கிய பொருள்) வெளியே வருகிறது. வெயிலில் காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் பெருகி அதைத் தின்கின்றன. கரிமம் கரியமில வாயுவாகப் போய்விடும். தழைச்சத்து (நைட்ரஜன்) பயிருக்குக் கிடைக்கும். கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் இதை ஆராய்ந்து பிர்ச் என்பவர் 1958-இல் எழுதியிருக்கிறார். ஆக, முதல் மழைக்குப் பின் பயிர் கறுத்து வளர்வது சேமிப்பிலிருந்து எடுத்த செலவு. கோடை உழவு களையையும் கூட்டுப்புழுவையும் அழிக்கிறது. அதைக் கைவிடச் சொல்லவில்லை. எடுத்ததைத் திருப்பி வைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நெல் வயலில் இன்னொரு கணக்கும் உண்டு. தண்ணீர் தேங்கினால் ஓரிரு நாளில் மண்ணுக்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். பிறகு இரும்பு கரைந்து, அது பிடித்து வைத்திருந்த மணிச்சத்தை (பாஸ்பரஸ்) விடுவிக்கும். தண்ணீரை வடித்தால் அதே இரும்பு துருவாகி மணிச்சத்தை மறுபடி பிடித்துக்கொள்ளும். அந்தத் துரு மட்கின்மேல் ஒட்டி அதைக் காப்பதும் உண்டு. துருப்பிடிக்கும்போது பிறக்கும் வீரியமான ஆக்சிஜன் துகள்கள் மட்கைச் சிதைப்பதும் உண்டு. நெற்பயிர் ஒன்றைப் பிடுங்கி வேரை அலசிப் பாருங்கள். செம்பழுப்புப் பூச்சு இருந்தால் வேர் காற்றை வெளிவிட்டு இரும்பைத் துருவாக்கியிருக்கிறது. வேர் நலமாக உள்ளது. கறுத்து, அழுகிய முட்டை வாடை வந்தால் உடனே தண்ணீரை வடித்துவிடுங்கள்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் வயலிலிருந்து வெளியேறும் மீத்தேன் வாயு குறைகிறது, தண்ணீரும் மிஞ்சுகிறது. ஆனால் காய்ச்சலில் தழைச்சத்திலிருந்து உருவாகும் நைட்ரேட், அடுத்த பாய்ச்சலில் வாயுவாகப் பறந்துவிடும். எனவே யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து, ஈரம் காய்ந்த நிலத்தில் தண்ணீர் பாய்ச்சுவதற்குச் சற்று முன் இடுங்கள்.

அறுப்புத்தாளைக் கொளுத்துவதை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை. அதுவும் ஆக்சிஜனேற்றம்தான், பல மாத வேலை சில நிமிடங்களில் முடிந்து, தழைச்சத்தும் கந்தகமும் புகையோடு போகின்றன. வைக்கோலை முழுக்கக் கட்டி விற்றுவிட்டால் சாம்பல்சத்தின் (பொட்டாஷ்) பெரும்பகுதியும் வண்டியேறிவிடும்.

வரும் ஆண்டுக்காகச் செயற்குழு முன்வைக்கும் தீர்மானங்கள்: பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டின் விதையைச் சங்கமே மொத்தமாக வாங்கி, பூக்கும் தறுவாயில் மடக்கி உழ உறுப்பினர்களுக்குத் தருவது, அறுவடை முடிந்ததும் ஆட்டுக்கிடைக்கு முறை வைப்பது, கண்மாய் வண்டல் எடுக்கக் கூட்டாக விண்ணப்பிப்பது, தாள் கொளுத்தும் வயலுக்கு வண்டல் பங்கு இல்லை என்பது. கடைசித் தீர்மானத்துக்கு எதிர்ப்பு உண்டு என்று அறிவேன். விவாதித்து வாக்கெடுக்குமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்